நவச்சாரமும் மும்பைத் தமிழரும்: ஓர் உப்பின் வழக்காற்று வரலாறு

புலம்பெயர்ந்த மக்களின் வரலாற்றை அவர்கள் எழுப்பிய கோயில்கள், நிறுவிய சங்கங்கள், நடத்திய இதழ்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு எழுதுவது நம் ஆய்வு மரபாக இருந்து வருகிறது. மும்பைத் தமிழர் குறித்த எழுத்துகளும் பெரும்பான்மை இவ்வழியிலேயே அமைந்துள்ளன. அம்மக்கள் நாள்தோறும் கையாண்ட பொருள்களைச் சான்றாகக் கொண்டு எழுதப்பெற்றவை மிகச் சில. கல்லும் ஏடும் பேசாத இடத்தில் ஒரு பொருளும் அதன் பெயரும் பேசக்கூடும் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டு, நவச்சாரம் என்னும் எளிய உப்பு தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் தமிழர் வாழ்வில் எவ்வெவ்வாறு இடம்பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. வேதியியல் நூலார் அம்மோனியம் குளோரைடு என வழங்குவது இவ்வுப்பையே. கட்டுரையாளர் தமிழிலக்கியம் பயின்றவர், வேதியியலார் அல்லர். எனினும் ஒரு சொல்லின் வரலாற்றை எழுத முனைவோர் அச்சொல் சுட்டும் பொருளின் இயல்பை அறியாது எழுதுதல் இயலாது என்பதால், வேண்டிய அளவு அறிவியல் செய்திகளும் இங்கு இடம்பெறுகின்றன.

சொல்லும் அதன் வழியும்

நவச்சாரம், நவாச்சாரம், நவாசாரம் என இச்சொல் தமிழில் பல வடிவங்களில் வழங்குகிறது. ஒரு சொல் இத்தனை வடிவங்களில் நிலைகொள்ளாது திரிவதே அது வேற்றுப்புலத்திலிருந்து வந்தது என்பதற்கு ஓர் அடையாளம் எனலாம். பாரசீகத்தில் நௌஷாதர், அரபியில் நுஷாதிர், இந்தியில் நௌசாதர், வடமொழி ரசவாத நூல்களில் நவசார, நவசாதர, மராத்தியில் நவ்சாகர், சீனத்தில் நௌஷா என்று இச்சொல்லின் உறவுகள் ஆசியா முழுதும் பரவிக் கிடக்கின்றன. நடு ஆசிய வணிகவழி இவ்வுப்பையும் இப்பெயரையும் ஒருசேரச் சுமந்து வந்திருத்தல் வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்கது, ஒவ்வொரு மொழியும் பொருள் விளங்காத அவ்வொலியைத் தன் சொல்லாக்கிக்கொண்ட முறை. தமிழர் அதன் பின்பாதியைச் 'சாரம்' எனக் கொண்டனர். வெடியுப்பு, படிகாரம் முதலியவற்றோடு இதனையும் ஒருங்கு வைத்து எண்ணும் மருத்துவர்க்கு அது பொருத்தமாகவும் அமைந்தது. மராத்தியர் அதே பாதியைச் 'சாகர்', அதாவது கடல், எனக் கொண்டனர். முன்பாதியாகிய 'நவ' என்பதற்கு ஒன்பது என்று பொருள்கொண்டு, ஒன்பது சாரங்களின் கூட்டு என விளக்கம் தருவாரும் உளர். அது சொல்லின் ஒலியைக் கண்டு பின்னர்ப் புனைந்துகொண்ட விளக்கமே. இவ்வுப்பில் ஒன்பது பொருள் இல்லை; நைட்ரஜன், ஹைட்ரஜன், குளோரின் என்னும் மூன்று தனிமங்களே உள்ளன.

ரசரத்தினசமுச்சயம் முதலிய வடமொழி நூல்கள் இதனைச் சூலிகா லவணம் என்றும் குறிப்பிட்டு, செங்கற் சூளையில் தோன்றும் வெளிறிய உப்பு என விளக்குகின்றன. இது வெறும் கற்பனையன்று. சாணமும் கழிவும் எரிபொருளாகும் சூளையில் அம்மோனியாவும் குளோரைடும் ஆவியாகி மேலே சென்று, குளிர்ந்த இடத்தில் வெண்ணிறப் படிவமாகத் தங்குகின்றன. இன்றைய ஹரியானாவின் கர்னால் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் குயவர் இம்முறையில் நவச்சாரம் எடுத்து வந்தனர். எகிப்தில் ஒட்டகச் சாணத்தின் புகைக்கரியிலிருந்து எடுத்தனர். லிபியப் பாலைவனத்து ஆமோன் கடவுளின் கோயிலோடு தொடர்புபடுத்தி ஐரோப்பியர் இதற்கு 'ஆமோனின் உப்பு' எனப் பெயரிட, அதிலிருந்து பிறந்ததே அம்மோனியா என்னும் சொல். உப்பிலிருந்து வாயு பெயர்பெற்றதே தவிர, வாயுவிலிருந்து உப்பு பெயர்பெறவில்லை என்பதை மாணவர்க்குச் சொல்லும்போது அவர்கள் வியப்படைவதைக் கண்டிருக்கிறேன்.

உப்பின் இயல்பு

நவச்சாரம் வெண்ணிறப் படிகம், மணமற்றது, உவர்ப்பும் குளிர்ச்சியும் கலந்த சுவையுடையது. நீரில் எளிதிற் கரையும்: 20 செல்சியஸ் வெப்பத்தில் 100 மில்லி நீரில் ஏறத்தாழ 37 கிராம் கரையும். கரையும்போது நீரின் வெப்பத்தை உறிஞ்சுவதால் பாத்திரம் கைக்குச் சில்லென்றிருக்கும். கரைசல் சிறிது அமிலத்தன்மையுடையது. தீப்பற்றாது. இரண்டு இயல்புகள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதன. முதலாவது, சூடேற்றினால் உருகாது; ஏறத்தாழ 338 செல்சியசில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிந்து ஆவியாகி, மேலே சென்று மீண்டும் ஒன்றுகூடி வெண்புகையாகும். இரண்டாவது, சுண்ணாம்பைக் கண்டால் அம்மோனியா வாயுவை வெளிவிடும்.

இவ்விரண்டாம் இயல்பைத் தமிழ்நாட்டு வீடுகள் நன்கறிந்திருந்தன. நவச்சாரத்தையும் சுண்ணாம்பையும் சேர்த்துத் தேய்த்து முகர்தல் தலைவலிக்கும் நீர்க்கோவைக்கும் மயக்கத்திற்கும் கைகண்ட முறையாகக் கருதப்பட்டது. இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி 1774இல் அம்மோனியா வாயுவைத் தனியே பிடித்தபோது அவர் சேர்த்துச் சூடேற்றியவையும் நவச்சாரமும் சுண்ணாம்புமே ஆகும். வெற்றிலைச் செல்லத்திலிருந்து விரல்நுனியளவு சுண்ணாம்பை எடுத்துப் பாட்டி செய்த செயலும், பிரீஸ்ட்லி பாதரசத் தொட்டியின்மேல் செய்த சோதனையும் ஒரே வினை. பாட்டி அதற்குச் சமன்பாடு எழுதவில்லை. ஆயின் அளவு அவருக்குத் தெரிந்திருந்தது: ஒரு முறை முகர்வதற்கு மேல் அருகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. இந்த 'அளவு' என்னும் செய்தியை மனத்திற்கொண்டு தாராவிக்குச் செல்லுதல் வேண்டும். அதற்குமுன், வழியில் உள்ள மாட்டுங்காவைச் சிறிது காண்போம்.

மாட்டுங்காவின் அடுக்களை

1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயின் விளைவாக 1898இல் தோன்றிய நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசல் மிகுந்த தென்பகுதிக்கு மாற்றாக வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை வகுத்தது. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் தென்னாட்டிலிருந்து சென்றோர் மாட்டுங்காவில் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் அங்குத் தொடங்கப்பெற்றது. இவர்கள் தம்முடன் கொண்டுசென்றவை பித்தளை அண்டாவும் வெண்கல உருளியும் ஈயச்சொம்புமாகும். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். ஆதலால் உட்புறம் ஈயம் பூசியே ஆகவேண்டும். அங்கேதான் நவச்சாரம் வருகிறது.

தமிழகத்துச் சிற்றூர் ஒன்றில் 1990களில் என் இளமையில் நான் கண்ட காட்சி அது. ஈயம் பூசுபவர் தெருவோரத்தில் குழி தோண்டித் துருத்தி வைத்துக் கரி மூட்டுவார். பாத்திரம் பழுக்கச் சூடானதும் ஒரு சிட்டிகை நவச்சாரத் தூளைத் தூவுவார். குபீரென வெண்புகை எழும். அக்கணமே ஈயக்கம்பியைத் தொட்டுப் பஞ்சால் துடைக்க, கறுத்த பாத்திரம் வெள்ளியாக மாறும். சிறுவர்களாகிய எங்களுக்கு அது மாயவித்தை. சூட்டில் பிரிந்த உப்பின் அமிலக்கூறு உலோகத்தின்மேல் படிந்த களிம்பை அரித்து நீக்குவதால்தான் ஈயம் ஒட்டுகிறது என்பதைப் பின்னரே அறிந்தேன். மும்பையில் இத்தொழிலாளரைக் கலாய்வாலா என்பர். அவர் வந்து நின்றதும் பித்தளைப் பாத்திரங்கள் வாசலுக்கு வரும் காட்சி இரண்டு ஊருக்கும் பொது.

இப்புகையைத் தெருவில் நின்று பார்ப்பவர் ஒருமுறை இருமிவிட்டுச் செல்வார்; நாள்முழுதும் அதன்மேல் குனிந்திருப்பவர் நிலை வேறு. பணியிடக் காற்றில் நவச்சாரப் புகை எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என இன்றைய தொழில் நலவியல் வரையறுக்கிறது. தெருவோரக் குழிக்கு அளவுகோல் ஏது?

இங்கு ஒரு சொற்சிக்கலையும் சுட்டுதல் தகும். தமிழில் ஈயம் என்னும் ஒரே சொல் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிக்கும். முன்னது உணவுக்குத் தீங்கற்றது. பின்னது நஞ்சு, சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு. ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் வழக்கத்தைப் போற்றுவோர் அது எந்த ஈயம் என்று கேட்டறிதல் நன்று. வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விலை குறைக்கும் வணிகர்க்கு நம் மொழியின் இவ்விருபொருள் வழக்கு துணைபோகிறது.

தாராவியின் தோல் ஷாப்புகள்

1909ஆம் ஆண்டுப் பம்பாய் அரசிதழ்த் தொகுதி தாராவியைப் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மீனவர் சிற்றூராக இருந்த அச்சதுப்புநிலம் அன்று நகரின் எல்லைப்புறம். நாற்றமுடைய தொழில்களை எல்லைக்கு வெளியே தள்ளுவது நகராட்சியின் இயல்பு. பாந்திராவின் இறைச்சிக்கூடம் அருகில். கழுவுநீரைக் கொண்டுசெல்ல மித்தி ஆறும் மாகிம் கழிமுகமும் அருகில். 1887இல் முதல் தோல் ஷாப்பு அங்கு வந்ததாகப் பொதுவாகக் கூறுவர். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் பலர் இத்தொழிலில் முதலீடு செய்தனர். அதே பகுதியிலிருந்து ஆதிதிராவிட மக்கள் உழைப்பாளராகச் சென்றனர். தாராவி குறித்துக் கல்பனா சர்மா 2000இல் வெளியிட்ட ஆங்கில நூல் இவ்வரலாற்றை விரித்துரைக்கிறது.

தோல் பதனிடுதலில் நவச்சாரத்தின் இடம் யாது? பச்சைத் தோலை முதலில் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பர். மயிர் உதிரும், தோல் உப்பித் தடிக்கும். மயிர் விரைவில் நீங்கச் சோடியம் சல்பைடும் சேர்ப்பதுண்டு. இப்போது தோல் கடுங்காரமாக இருக்கும். இந்நிலையில் பட்டைச் சாறோ குரோம் உப்போ அதனுள் சீராக ஏறாது. ஆகவே தோலின் ஊடே புகுந்த சுண்ணாம்பை வெளியேற்றியாக வேண்டும். பழைய முறையில் நாய், பறவை ஆகியவற்றின் எச்சத்தையும் புளித்த தவிட்டையும் கரைத்த நீரில் தோலை ஊறவைத்தனர். இது தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இலண்டனிலும் நாய்ச்சாணம் பொறுக்கித் தோல் தொழிற்சாலைக்கு விற்று வாழ்ந்த ஏழையர் இருந்தனர். 1908ஐ ஒட்டி ஜெர்மானிய வேதியியலார் ஓட்டோ ரோம், கணையத்திலிருந்து எடுத்த நொதியை அம்மோனிய உப்புடன் சேர்த்து இவ்வேலைக்குப் பயன்படுத்தினார். அதன்பின் எச்சத்தின் இடத்தை அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் சல்பேட்டும் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன.

உரித்த தோலின் எடைக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு உப்பை நீரில் இட்டுத் தோலைச் சுழற்றினால், கரையாத சுண்ணாம்பு கரையும் கால்சியம் குளோரைடாக மாறி நீரோடு போய்விடும். தோலின் ஓர் ஓரத்தை வெட்டி, வெட்டுமுகத்தில் பினாப்தலின் துளியை இடுவர். இளஞ்சிவப்பு தோன்றினால் சுண்ணாம்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்பது பொருள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பதை அறிந்த நம் பெண்டிர்க்கு இச்சோதனையின் அடிப்படை புதிதாகத் தோன்றாது.

சுண்ணாம்பும் நவச்சாரமும் சேர்ந்தால் எழுவது யாது என்பதை மேலே கண்டோம். பாட்டியின் விரல்நுனியில் நிகழ்ந்த அதே வினை இங்கே நூற்றுக்கணக்கான கிலோ தோலின்மேல், கூரை தாழ்ந்த கொட்டகைக்குள், மணிக்கணக்கில் நிகழ்கிறது. அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். பத்து இலட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேல் நாள்முழுதும் சுவாசித்தல் ஆகாது என்பது தொழில் நலவியல் வரையறை. 300 பங்கு உயிருக்கு உடனடி இடர் தரும் எல்லையெனக் கொள்ளப்படுகிறது. அதனினும் கொடியது மற்றொன்று உண்டு. சல்பைடு கலந்த சுண்ணாம்புத் தோலில் அம்மோனிய உப்பு சேர்ந்து காரம் தணியும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவும் வெளிப்படும். அமிலம் சேர்ந்தால் பெருகும். அழுகிய முட்டை நாற்றமுடைய இவ்வாயு செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது எனக் கருதிக் குழிக்குள் இறங்குபவர் மீள்வதில்லை. அவரைத் தூக்க இறங்குபவரும் மீள்வதில்லை. தோல் ஷாப்புக் குழிகளில் ஒருவர்பின் ஒருவராக மாண்ட செய்திகளின் பின்னணி இதுவே. இறங்குமுன் காற்றைச் சோதித்தல், விசிறியால் காற்றோட்டம் செய்தல், கயிறு கட்டி மேலே ஒருவரை நிறுத்துதல் என்னும் மூன்றும் செய்யாது எவரையும் இறக்குதல் கொலைக்கு ஒப்பாகும். சுண்ணாம்பு நீக்கத்திற்கு அம்மோனிய உப்புக்கு மாற்றாகக் கரியமில வாயுவைப் பயன்படுத்தும் முறையும் இன்று உண்டு.

தமிழ்ப் புதினங்களில் இவ்வுலகைக் காட்டியது டி. செல்வராஜின் 'தோல்'. 2012ஆம் ஆண்டுச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அப்புதினம் திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வையும் போராட்டத்தையும் களமாகக் கொண்டது. தாராவியின் தோல் ஷாப்புக்கு அத்தகைய புதினம் வாய்க்கவில்லை. சங்கம் இருந்தது, கோயில் இருந்தது, மேடை இருந்தது. சுண்ணாம்பு நீக்கும் தொட்டியருகே நின்றவர் கண்கள் ஏன் எப்போதும் சிவந்திருந்தன என்பதை எழுத ஆளில்லை. புலம்பெயர் இலக்கியம் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் நாம் ஏக்கத்தையும் அடையாளத்தையும் பேசிய அளவுக்கு நுரையீரலைப் பேசியதில்லை என்று கூறுவது மிகையாகாது.

1971இல் இறைச்சிக்கூடம் பாந்திராவிலிருந்து செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. 1980களில் தோல் பதனிடும் பணி தாராவியிலிருந்து பெரும்பாலும் வெளியேறியது. பதனிட்ட தோலைக்கொண்டு பையும் இடைவாரும் தைக்கும் பணியே அங்குத் தொடர்ந்தது. சயான் சாலையில் தோற்பொருள் கடைகளைக் காண்பவர்க்கு, அங்கு ஒருகாலத்தில் சுண்ணாம்புக் குழிகள் இருந்தன என்பதைச் சொல்லும் அடையாளம் எதுவும் இல்லை.

காவல்நிலைய ஏட்டில் நவ்சாகர்

அதே தாராவியில் அதே உப்பு வேறொரு பெயரால் ஏடேறியது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949இல் இயற்றப்பெற்று, 1950 ஏப்ரலில் மாநிலம் முழுதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1960களில் விதிகள் தளர்த்தப்பட்ட பின்னரும் ஏழையர்க்குச் சட்டமுறை மது எட்டாத விலையிலேயே இருந்தது. சதுப்பும் புதரும் சூழ்ந்த தாராவி, சயான் பகுதிகளில் கள்ளச்சாராயம் பெருகியது. சோதனையில் கைப்பற்றப்பட்ட பொருள்களைப் பட்டியலிடும்போது வெல்லத்தையும் நவ்சாகரையும் சேர்த்தே குறிப்பிடுவது மராத்தி நாளிதழ்களின் வாய்பாடாயிற்று. வெல்ல ஊறலில் நைட்ரஜன் குறைவு; நொதி பெருக நைட்ரஜன் வேண்டும்; அதனை இவ்வுப்பு தருகிறது. காய்ச்சுவோர் அனுபவத்தால் கண்டது இது. மதுவிலக்கும் கடத்தலும் ஒருங்கு வளர்த்த தலைவர்களுள் ஒருவரான தூத்துக்குடி வரதராஜ முதலியார் 1988இல் மறைந்தார். அவர் வாழ்வின் சாயலில் 1987இல் வெளிவந்த 'நாயகன்' திரைப்படத்தின் வழியே தமிழகம் தாராவியை அறிந்தது.

இங்கே நாம் நின்று கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தாராவித் தமிழரில் மிகச் சிலரே சாராயம் காய்ச்சினர். எத்தனையோ மடங்கினர் தோல் தொழிலில் உழைத்தனர். இரண்டு இடத்திலும் இருந்தது ஒரே உப்பு. சாராயத்தில் இருந்தது காவல்நிலைய ஏட்டிலும் நாளிதழிலும் திரைப்படத்திலும் பதிவாயிற்று. தோல் தொட்டியில் இருந்தது முதலாளியின் கொள்முதல் கணக்கோடு முடிந்தது. எதைக் குற்றமெனக் கருதுகிறதோ அதையே அரசு எழுதி வைக்கிறது. அரசு எழுதி வைத்ததையே பின்வரும் ஆய்வாளரும் வரலாறு எனக் கொள்கிறார். மும்பைத் தமிழர் வரலாற்றில் இச்சாய்வு மிகுதி என்பது என் கருத்து.

இச்சாய்வு வேறொரு தீங்கையும் விளைத்தது. கள்ளச்சாராயம் குடித்து மாண்டோர் நவ்சாகரால் மாண்டனர் என்னும் எண்ணம் பரவியது. தமிழகத்திலும் 'பேட்டரி போட்டுக் காய்ச்சிய சாராயம்' என்னும் பேச்சு உண்டு. பிரெஞ்சுக்காரர் லெக்லாஞ்சே 1866இல் அமைத்த மின்கலத்தின் வழிவந்த பழைய உலர்மின்கலங்களில் நவச்சாரம் இருந்ததை எண்ணும்போது, அப்பேச்சின் வேர் எது என ஊகிக்கலாம். ஊறலில் மின்கலக் கழிவு சேர்வது தீதே. ஆயின் நவச்சாரம் ஊறலிலேயே தங்கிவிடும் உப்பு. வடிநீரில் பெரிதும் ஏறாது. விக்ரோலியில் 2004 திசம்பரிலும், மாலாடு மால்வணியில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட 2015 சூனிலும், கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட 2024 சூனிலும் உயிர் குடித்தது மெத்தனால். அது ஊறலில் பிறப்பதன்று; தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரியது திருட்டுவழியில் வந்து கலக்கப்படுவது. மெத்தனால் உடலில் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியை அழிக்கும். பார்வை மங்கியவரை ஒருமணி நேரமும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும், மாற்றுமருந்து உண்டு. பழியை நவச்சாரத்தின்மேல் போடும்வரை மெத்தனால் எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி எழாது போகும்.

செம்பூரின் உரமணி

செம்பூர்த் தமிழர் பெரும்பாலும் பின்வந்தோர். டிராம்பேயின் எண்ணெய்த் தூய்மிப்பாலைகள், அணு ஆய்வு மையம், உர ஆலை ஆகியவற்றில் பணி பெற்ற பொறியாளரும் தொழில்நுட்பப் பணியாளரும் அவருள் மிகுதி. இந்திய உரக் கழகத்தின் டிராம்பே ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1978இல் அது இராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்டு பெர்டிலைசர்ஸ் நிறுவனமாயிற்று. அதன் 'சுபலா' உரமூட்டையை மராட்டிய உழவர் அனைவரும் அறிவர். அவ்வுரமணியில் அம்மோனியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் ஒருங்கு கலக்கும்போது அவை தம்முள் கூறு மாற்றிக்கொண்டு ஓரளவு நவச்சாரமும் பொட்டாசியம் நைட்ரேட்டும் ஆகின்றன. மூட்டையின்மேல் அப்பெயர் இல்லாவிடினும் பொருள் உள்ளே இருக்கிறது.

பெயர்க்குழப்பம் இவ்விடத்தில் இடர் தருவதாகும். 2020 ஆகத்து 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்து நகரைச் சிதைத்தது. அதன்பின் சென்னை மணலியில் 2015 முதல் தேங்கிக்கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றித் தமிழகம் அச்சங்கொண்டது, அது அகற்றப்பட்டது. அந்நாள்களில் 'அமோனியா உப்பு வெடிக்கும்' என்று பொதுப்படப் பேசப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். வெடிப்பது நைட்ரேட்டு, 2012ஆம் ஆண்டு விதிகள் அதனை வெடிபொருள் சட்டத்தின்கீழ்க் கட்டுப்படுத்துகின்றன. குளோரைடாகிய நவச்சாரம் வெடிப்பதன்று. அதற்குரிய எச்சரிக்கைகள் வேறு: சுண்ணாம்பு, சோடா முதலிய காரப்பொருள்களோடும், வெளுக்கும் தூளோடும் ஒருங்கு வைக்கலாகாது, பின்னதனோடு சேர்ந்தால் நச்சுடைய குளோரமின் வாயு எழும். கண்ணில் பட்டால் கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவுதல் வேண்டும். நீர்நிலையில் கலந்தால் மீன்கள் மடியும்.

மருந்தாகவும் இது இன்றும் நம் வீட்டில் இருக்கிறது. இருமல் மருந்துப் புட்டியின் உறையில் சிற்றெழுத்தில் அம்மோனியம் குளோரைடு என அச்சிட்டிருப்பதைக் காணலாம். கோழையை இளக்குவதற்கெனச் சேர்க்கப்படுவது. சித்த மருத்துவத்தில் நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சித் தூய்மை செய்தே இதனைக் கையாள்வர். பின்லாந்து மக்கள் இதனை அதிமதுர மிட்டாயில் சேர்த்துச் சுவைக்கின்றனர் என்பது கேட்போர்க்கு நகைப்பூட்டும். அளவு மிகின் குருதியில் அமிலம் மிகும். கல்லீரல், சிறுநீரக நோயுடையார்க்கு ஆகாது. சித்தர் பாடல்களின் குழூஉக்குறிகளைத் தாமே பொருள்கொண்டு நவச்சாரத்தை உட்கொள்வது, தமிழாசிரியராகிய எம்மனோர் சிலர்க்கும் உள்ள ஆசை, மிகத் தீங்கானது.

மீண்டும் தென்பாண்டிக் கரை

தாராவிக்குத் தோல் தொழிலாளரை அனுப்பிய பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரையில், தூத்துக்குடியில், 1980களின் தொடக்கத்திலிருந்து நவச்சாரம் ஆலைமுறையில் ஆக்கப்பட்டு வருகிறது. சீன வேதியியலார் ஹோ தேபாங் 1940களில் செம்மைப்படுத்திய இரட்டை ஆக்கமுறை அங்குப் பயன்பட்டது. உப்பளத்து உப்பு, அம்மோனியா, கரியமில வாயு ஆகிய மூன்றும் சேர்ந்து, ஒருபுறம் சலவைச் சோடாவும் மறுபுறம் நவச்சாரமும் கிடைக்கும் முறை அது. 2016 முதல் அவ்வாலை தன் கொதிகலன் புகையிலிருந்தே கரியமில வாயுவைப் பிரித்துப் பயன்படுத்தியமை உலக இதழ்களின் கவனத்தைப் பெற்றது. நூற்றுக்கு 25 பங்கு நைட்ரஜன் உடைய இவ்வுரம் நெல்லுக்கு ஏற்றது. குளோரைடைத் தாங்காத புகையிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் ஏலாது.

2022இல் ஒப்பந்தப்புள்ளி முடிவான மறுசீரமைப்புத் திட்டத்தின்படி தாராவியின் வீடுகளும் பட்டறைகளும் கணக்கெடுக்கப்படுகின்றன. யார் எந்த ஆண்டு முதல் குடியிருந்தார் என்பதற்கு ஆவணம் கேட்கப்படுகிறது. சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர் தலைமுறையில் எஞ்சியோர் முதியோர். அவர்கள் 'நவச்சாரம்' என்றார்களா, 'நவ்சாகர்' என்றார்களா, வேறு பெயர் வைத்திருந்தார்களா, புகை எழும்போது ஒருவரையொருவர் எச்சரிக்க எச்சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பனவற்றை ஒலிப்பதிவு செய்துவைக்கும் கள ஆய்வைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இப்பொழுதே தொடங்குதல் வேண்டும். திருநெல்வேலி வட்டார வழக்கும் தக்காணி உருதும் மராத்தியும் கலந்த அத்தொழிற்சொற்கள் எந்த அகராதியிலும் இன்னும் ஏறவில்லை.